பாலிமர் சங்கிலிக்குள் விழும் தப்புக் கண்ணி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்பவர்கள் ஒரு பூ, ஒரு வளையம் என்று மாற்றி மாற்றிக் கோத்துப் பற்ற வைக்கும்போது, தவறிப்போய் இரண்டு பூ அடுத்தடுத்து விழுந்தால் அந்த இடத்தை வெட்டிச் சரிசெய்துவிடலாம். சூரிய மின்கலத்துக்கான பாலிமரும் அப்படிக் கோத்த சங்கிலிதான்: எலக்ட்ரானைக் கொடுக்கும் அலகு, வாங்கும் அலகு, மறுபடி கொடுக்கும் அலகு. ஆனால் அதில் தப்பாக விழுந்த கண்ணியை எடுக்கவே முடியாது.

கொடுக்கும் அலகின் இரு முனையிலும் வெள்ளீயத் தொகுதி, வாங்கும் அலகின் இரு முனையிலும் புரோமின். இரண்டையும் இணைத்து வைப்பது பல்லேடியம் என்ற உலோகம். இதுதான் ஸ்டில் வினை. வெள்ளீயத்துக்குப் பதில் போரான் என்றால் சுசுகி வினை. பல்லேடிய வினைகளுக்காக 2010இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவரும் நோபல் பெற்றார்கள். ஸ்டில் வினைக்குப் பெயர் தந்த ஸ்டில் 1989இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

சரி, தப்பு எங்கே நுழைகிறது? பெரும்பாலும் முதல் படியிலேயே. இணைப்பு வேலையைத் தொடங்குவது எலக்ட்ரான் இழக்காத பல்லேடியம். ஆனால் பாட்டிலில் வாங்குவது பல நேரம் காற்றில் எளிதில் கெடாத வகை, அதாவது 2 எலக்ட்ரான் இழந்தது. அந்த 2 எலக்ட்ரானையும் கலவையிலிருக்கும் வெள்ளீய அலகுகளே கொடுக்கின்றன. கொடுத்துவிட்டுத் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்கின்றன. 100 வெள்ளீய மூலக்கூறுக்கு 2 பல்லேடியம் போட்டு, அத்தனையும் இப்படியே வேலைக்குத் தயாரானால், உருப்படியான இணைப்பு தொடங்குமுன் 2 தப்புப் பிணைப்பு தயார். ஆக்சிஜன் புகுந்தால் பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்பி, இன்னும் சில தப்புகள் சேரும்.

பெரியார் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்: சிறு மூலக்கூறென்றால் வேண்டாததை சிலிக்கா ஜெல்லில் பிரித்துவிடலாம். இங்கே வேண்டாததும் வேண்டியதும் ஒரே சங்கிலி. அந்த இடத்தில் ஆற்றல் மட்டம் மாறுவதால் ஓடிவரும் மின்னூட்டம் சிக்கிக்கொள்ளலாம், மின்கலத்தின் திறனும் குறையலாம். ஒரே பாலிமர் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டால், நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

கண்டுபிடிக்க அழகான ஒரு வழி உண்டு. ஒழுங்காக மாறி மாறி வந்த சங்கிலியில் இரு அலகுகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்கும், அல்லது ஒன்றுதான் கூடும். மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைமானியில் வித்தியாசம் 2 என்று வந்தால், உள்ளே எங்கோ ஒரே வகை இரண்டு ஒட்டியிருப்பது உறுதி.

எலக்ட்ரான் இழக்காத பல்லேடியத்தையே முதலில் போட்டு, கரைப்பானிலிருந்து ஆக்சிஜனை ஆர்கான் வாயுவால் விரட்டினால் தப்பு நன்றாகக் குறையும். நச்சுள்ள வெள்ளீயத்தையே விட்டுவிட்டு, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும் இடத்திலேயே நேரடியாக இணைக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிணைப்பு ஒரே மூலக்கூறில் பல இடத்தில் இருக்குமே! வினை வேறு இடத்தில் நடந்தால் சங்கிலி அங்கே கிளை விடலாம்.