வேலியோர முருங்கையும் பக்கத்து வீட்டுப் புகாரும்

வேலியை ஒட்டி நட்ட செடியை நம் பக்கத்தில் நின்றுகொண்டே முழுதாகப் பராமரிக்க முடியாது. சிங்கப்பூரின் தரைவீடுகளில் தோட்டத் தகராறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பக்கம் நீண்ட கிளையைக் கத்தரிக்க அவர்கள் வாசலில் போய் நிற்கவேண்டும். பேச்சே இல்லாத வீடென்றால் கிளையும் வளரும், புகாரும் வளரும். ஆகவே வேலிக்கும் முதல் செடிக்கும் நடுவே 60 செண்டிமீட்டர் விடுங்கள். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து கத்தரிக்க அது போதும். வரிசை வீட்டின் குறுகிய தோட்டத்தில் அவ்வளவு இடத்தை விட மனம் வராதுதான். ஆனாலும் விடுங்கள்.

இதில் செடிக்கும் லாபம் உண்டு. சிமெண்ட் சுவரடியில் கசியும் சுண்ணாம்பு, மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். இட்லிப்பூவுக்கு அமில மண்தான் பிடிக்கும். சுவரடியில் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாமல் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அங்கே இன்னும் உரம் கொட்டிப் பயனில்லை.

நம்மவர்கள் வேலியோரம் முதலில் நடுவது முருங்கை. ஆக மோசமான தேர்வும் அதுவே. அதன் கட்டை மென்மையானது. அதிகாலையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்றில் கிளை முறிந்தால் பக்கத்து வீட்டுக் கார்மேல் விழும். பொடி இலைகள் அவர்கள் கூரைத் தண்ணீர்க்குழாயை அடைக்கும். வைத்தே தீரவேண்டுமென்றால் 3 மீட்டர் தள்ளி நட்டு, 1.5 மீட்டர் உயரத்தில் வெட்டி வெட்டிக் கீரைக்காக மட்டும் வளருங்கள்.

கறிவேப்பிலை வேறு விதமான தொல்லை. வேரிலிருந்து கன்று விடும். வேலிக்கடியில் போய் அவர்கள் புல்வெளியில் முளைக்கும். கொத்திக் கிளறி வேரைக் காயப்படுத்தினால் கன்றுகள் இன்னும் அதிகமாகும். தொட்டியில் வையுங்கள், தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள்; இல்லாவிட்டால் அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும்.

பிஆர்சி கம்பிவேலியில் பாகற்கொடி ஏற்றினால் பாதிக் காய் மறுபக்கம் தொங்கும். கொடிக்குத் தனிப் பந்தல் போடுங்கள், வேலியைத் தொடாமல் உள்ளே தள்ளி. வேலியில் தொட்டிகளையும் மாட்டாதீர்கள்: நீங்கள் ஊற்றும் தண்ணீர் அவர்கள் பக்கம் சொட்டும், பாரத்தில் கம்பியும் சாயும். எல்லையோர வடிகாலில் இலை தேங்கினால் அடுத்து வருவது டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. அதன்பின் பேச்சு தோட்டத்தோடு நிற்காது. தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள், இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். இலையிடுக்கில் நீர் தேக்கும் புரோமிலியாட் வகைகள் வேலியோரம் வேண்டவே வேண்டாம்.

அவர்கள் மரம் நம் பக்கம் நீண்டிருந்தால்? சிங்கப்பூர் சட்டத்துக்கு அடித்தளமான ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், 19ஆம் நூற்றாண்டின் லெமன் எதிர் வெப் வழக்கிலேயே முடிவான விஷயம் இது. எல்லைக்கோடு வரை, அவர்கள் நிலத்தில் கால்வைக்காமல், நாம் வெட்டலாம். வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்காரருக்கே சொந்தம். அதற்காகச் சுவருக்கு மேலே தூக்கி எறிந்தால் தவறு நம் பக்கம் வந்துவிடும். வெட்டும்முன் கிளை எங்கே இருக்கிறது, எதைத் தொடுகிறது என்று தேதியோடு படமெடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் சொன்னதற்குச் சான்று இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 1 மீட்டருக்கு மேலிருக்கும் மரம் மரப் பாதுகாப்புப் பகுதிக்குள் நின்றால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் அரிவாளை எடுக்காதீர்கள். வேர் விஷயத்தில் அதைவிடக் கவனம் தேவை: அடிமரத்துக்கு அருகே பெரிய வேர்களை வெட்டினால் மரம் பிடிமானம் இழக்கும், வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறியதும் சாயும். அவர்கள் கூரைமேல் சாய்ந்தால் வெட்டியவர் பதில் சொல்லவேண்டும்.

வேலி நிற்கும் இடமே எல்லை என்று நம்பி வாதாடவும் வேண்டாம். பழைய வேலிகள் கோட்டிலிருந்து விலகி நிற்பதுண்டு. சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் சான்றளித்த நில வரைபடத்தை வாங்கலாம். அப்போதும் தீராவிட்டால் பதிவுபெற்ற நில அளவையாளரை அழையுங்கள்.

பேச்சு முறிந்தால் முதலில் சமூக சமரச நிலையம். அங்கும் முடியாவிட்டால், 2015 முதல் இயங்கும் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம். 100 மீட்டருக்குள் வசிக்கும் அண்டைவீட்டார்மீது அங்கே வழக்குப் போடலாம். இழப்பீடு 20,000 வெள்ளி வரை. எங்கள் பரிந்துரை சமரசம்தான், உடன்பாட்டை விவரமாக எழுதினால். ‘ஒழுங்காகப் பராமரிப்போம்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே சண்டை. செடி எத்தனை மீட்டர் வரை வளரலாம், எந்தெந்த மாதம் கத்தரிப்பது, வெட்டியதை அள்ளும் செலவு யாருடையது என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.