லைட்டு எரியுதுன்னு பேட்டரிய நம்பாதீங்க – ஃபைபர் வள்ளம் வச்சிருக்கவங்களுக்கு

தூத்துக்குடி கரையோரத்துல பேட்டரி சார்ஜிங், போட்டு எலக்ட்ரிக்கல் வேலைதான் நம்ம தொழில். வள்ளத்துல இருந்து பேட்டரிய தூக்கிட்டு வர்ற முக்கால்வாசி பேரு சொல்ற ஒரே வார்த்தை, "அண்ணே நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, லைட்டெல்லாம் பளீர்னு எரிஞ்சுச்சு, திடீர்னு செத்துப்போச்சு". திடீர்னுலாம் சாகல. அது செத்து ரொம்ப நாளாச்சு, லைட்டு அத காட்டிக் குடுக்கல, அவ்ளோதான்.

முன்னாடி குண்டு பல்பு இருந்த காலத்துல பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகி மங்கிரும், பாத்தவுடனே தெரிஞ்சுரும். இப்ப எல்லாரும் மாட்டியிருக்கறது எல்இடி. அதுக்குள்ள ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கு, நிறைய எல்இடி 10 வோல்ட் வரைக்கும் இறங்குனாகூட அதே வெளிச்சத்த குடுத்துக்கிட்டே இருக்கும். 12 வோல்ட் பேட்டரி 11.8க்கு கீழ வந்துட்டாலே அது காலினு அர்த்தம். ஆக பேட்டரி காலியான பிறகும் லைட்டு பளிச்சுனு எரியும், நீங்க அத நம்பி இன்னொரு ராத்திரி கடல்ல கிடப்பீங்க.

இதுல உசுருக்கு ஆபத்தான இடம் விஎச்எஃப் செட்டு, அதாவது கடல்ல இருந்து பேசுற வயர்லெஸ். செட்டு சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும்போது அரை ஆம்ப்தான் இழுக்கும், ஆனா பட்டன அமுக்கி 25 வாட்ல பேசுனா 5, 6 ஆம்ப் இழுக்கும். வீக்கான பேட்டரில அந்த நேரத்துல வோல்ட்டு சடார்னு இறங்கி செட்டு ஆஃப் ஆகிரும், கைய எடுத்தா மறுபடி ஆன் ஆகும். அதாவது மத்தவங்க பேசுறது உங்களுக்கு கேக்கும், உங்க குரல் யாருக்கும் போகாது. கேக்குதேனு நீங்க செட்டு நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. பெரும்பாலான செட்டு 13.8 வோல்ட்டுக்கு செஞ்சது, 15 சதவீதம் கூட குறைய தாங்கும், அப்படின்னா 11.7க்கு கீழ அதுக்கிட்ட ஒன்னும் எதிர்பாக்க முடியாது. நம்ம வள்ளத்துல பாதிக்கு மேல கையில சுத்தி ஸ்டார்ட் பண்ற டீசல் இன்ஜின், பேட்டரி இல்லாட்டியும் இன்ஜின் ஓடும், அதனாலயே பேட்டரிய யாரும் பெருசா மதிக்கறதில்ல. 2017ல ஒக்கி புயல் வந்து போனதுக்கு அப்புறம் கடல்ல இருக்கவங்களுக்கு தகவல் போய் சேர்றத பத்தி எவ்வளவோ பேசியாச்சு, 2024 ஆகஸ்ட்ல 1 லட்சம் படகுக்கு டிரான்ஸ்பாண்டர் (சாட்டிலைட் வழியா தகவல் அனுப்புற கருவி) மாட்டுற திட்டத்தயும் ஆரம்பிச்சாங்க. எந்த கருவியா இருந்தாலும் கரண்ட் இருந்தாதானே வேலை செய்யும்.

சரி, எப்படி செக் பண்றது. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஆழமும் மீனும் காட்டுறது) செட்டு நிறையதுல பேட்டரி வோல்ட்டு ஸ்கிரீன்லயே வரும், மெனுக்குள்ள போய் அத முன்னாடி வர்ற மாதிரி வச்சுக்கோங்க, லோ பேட்டரி அலாரம் இருந்தா 12ல வைங்க. பக்கத்து வள்ளத்துக்காரர்கிட்ட வழக்கமா பேசுற சேனல்ல பேசும்போதே அந்த நம்பர பாருங்க, எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சுரும். சும்மா 16ல போட்டு ஹலோ ஹலோனு டெஸ்ட் பண்ணாதீங்க, அது ஆபத்துக்கு கூப்பிடுற சேனல். கரையில இருந்தா ஒரு சாதா மல்டிமீட்டர் போதும், ஆனா சார்ஜ்ல இருந்து எடுத்த உடனே பாக்காதீங்க, அப்ப 13க்கு மேல காட்டி ஏமாத்தும். எந்த லோடும் இல்லாம ரெண்டு மூணு மணி நேரம் விட்டுட்டு பாருங்க. 12.6, 12.7 இருந்தா ஃபுல்லு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0ன்னா கால்வாசி. பாத்தீங்கல்ல, ஃபுல்லுக்கும் கால்வாசிக்கும் நடுவுல முக்கா வோல்ட்டுகூட வித்தியாசம் இல்ல, அதனாலதான் "12 இருக்கு, போதும்"னு சொல்றவங்கள பாத்தா எனக்கு பயமா இருக்கு.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ராத்திரி 12 மணி நேரம் கடல்ல இருக்கீங்க. ஜிபிஎஸ்சும் எக்கோவும் சேர்ந்து ஒரு ஆம்ப்னா 12 ஏஎச் (ஆம்ப்ப மணி நேரத்தால பெருக்குனா வர்றது). விஎச்எஃப் அரை ஆம்ப்னா 6. 10 வாட் எல்இடி ரெண்டு, 10 மணி நேரத்துக்கு 17 வரும். பேசுறது, போன் சார்ஜ் எல்லாம் சேத்து ஒரு 5. மொத்தம் 40 ஏஎச். உங்ககிட்ட இருக்கறது 65 ஏஎச் பேட்டரி, ஆனா லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல இறக்கக்கூடாது, அப்படின்னா எடுக்க வேண்டியது 32தான், அதுவும் பேட்டரி புதுசா இருந்தா. நீங்க ஒவ்வொரு ராத்திரியும் 8 கூட எடுக்கறீங்க. ஒரு லைட்ட மீன் எடுக்கற நேரத்துக்கு மட்டும் போட்டாலே இந்த கணக்கு கிட்டத்தட்ட சரியாகிரும்.

கூட எடுத்தது தப்புன்னாகூட அத தாங்கிக்கும், அதவிட பெரிய தப்பு இறங்குன பேட்டரிய அப்படியே போட்டு வைக்கறது. கரைக்கு வந்தீங்க, மீன ஏலத்துல போட்டீங்க, தூக்கம் வருது, பேட்டரி வள்ளத்துலயே கிடக்கு, மறுநாள் காத்து சரியில்லன்னு போகல, அதுக்கு மறுநாள் கோயில் விசேஷம், மூணு நாள் ஆயிருச்சு. பேட்டரி இறங்கும்போது தகட்டுல லெட் சல்ஃபேட்னு ஒன்னு படியும். உடனே சார்ஜ் போட்டா அது கரைஞ்சு போயிரும். நாள் கணக்கா விட்டா கெட்டியா பூத்து, அதுக்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் போகாது, அந்த அளவுக்கு பேட்டரியோட கொள்ளளவு குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். நான் பாத்த வரைக்கும் நம்ம கரையில வேலை செஞ்சு தேஞ்சு போன பேட்டரி கம்மி, பாதி சார்ஜ்ல கிடந்து கெட்டுப்போன பேட்டரிதான் அதிகம். ஐப்பசி கார்த்திகைல புயல் எச்சரிக்கைனு வாரக்கணக்கா கடலுக்கு போகாம இருப்போமே, அப்பதான் இது ரொம்ப நடக்கும். அந்த நாள்ல பேட்டரிய வீட்டுக்கு கொண்டு வந்து ஃபுல் சார்ஜ் போட்டு, வயர கழட்டி வச்சு, மாசத்துக்கு ஒரு தடவ திரும்ப போட்டு வைங்க. நம்ம ஊரு வெக்கைல சும்மா வச்சிருந்தாலே தானா இறங்கும். தடைக்காலத்துல 61 நாள் கட்டிப் போடுற விசைப்படகுக்கும் இதேதான்.

சார்ஜ் போடுறதுக்கு வருவோம், இங்க நம்ம சார்ஜிங் கடைக்காரங்க மேலயும் குறை இருக்கு. 65 ஏஎச் பேட்டரின்னா பத்துல ஒரு பங்கு, அதாவது 6, 7 ஆம்ப்ல போடணும், காலியான பேட்டரிக்கு 10, 12 மணி நேரம் ஆகும். சாயங்காலம் கடலுக்கு போகணும் சீக்கிரம் போட்டுக் குடுங்கனு மதியம் கொண்டு வந்து நிப்பாங்க, கடைக்காரரும் 20 ஆம்ப்ல வச்சு தள்ளிருவாரு, பேட்டரி சூடாகி நுரை நுரையா கொதிக்கும், பாக்க நல்லா ஏறுன மாதிரி இருக்கும், மேலாப்புல ஏறுன சார்ஜ் ரெண்டு மணி நேரத்துல போயிரும், தகடும் உதிரும். இன்னொன்னு, நிறைய கடையில நாலஞ்சு பேட்டரிய சீரிஸ்ல, அதாவது ஒன்னோட ஒன்னு கோத்து போட்டு ஒரே சார்ஜர்ல ஏத்துவாங்க. எல்லாம் ஒரே சைசு, ஒரே அளவு இறங்குனதா இருந்தா பரவாயில்ல. 35 ஏஎச்சும் 100 ஏஎச்சும் ஒரே வரிசைல இருந்தா சின்னது வெந்து போகும், பெருசு பாதி வயித்தோட வீட்டுக்கு வரும். உங்க பேட்டரிய எதோட சேத்து போடுறாங்கன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. முடிஞ்சா நாலஞ்சு பேரு சேந்து ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கிருங்க, 14.4 வரைக்கும் ஏத்திட்டு தானா 13.5, 13.6க்கு இறங்கி நிக்கற மாதிரி பாத்து வாங்குங்க.

சோலார் பத்தி நிறைய பேரு கேக்கறீங்க. 50 வாட் பேனல் நல்ல வெயில்ல 3 ஆம்ப்தான் குடுக்கும், ஒரு நாளுக்கு 12, 15 ஏஎச் வந்தா சந்தோஷம். மேல போட்ட கணக்க பாருங்க, ராத்திரி செலவுல மூணுல ஒரு பங்கு. அதனால சோலார் இருக்குன்னு கரையில சார்ஜ் போடாம விடாதீங்க, ஆனா சும்மா கிடக்கற நாள்ல பேட்டரிய ஃபுல்லாவே வச்சுக்கறதுக்கு அதவிட நல்ல சாமான் இல்ல. சார்ஜ அளவா விடுற கன்ட்ரோலர் இல்லாம நேரா மட்டும் குடுக்காதீங்க. 12 வோல்ட் பேனல்னு பேருதான், லோடு இல்லாதப்ப அதுல 21, 22 வோல்ட் வரும், பேட்டரி ஃபுல்லான பிறகும் ஏத்திக்கிட்டே இருந்து தண்ணிய பூரா கொதிக்க வச்சு காய வச்சுரும். பேனல் மேல வலைய போடாதீங்க, ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலே கரண்ட் படுத்துரும். எலக்ட்ரிக் ஸ்டார்ட் அவுட்போர்டு வச்சிருக்கவங்களுக்கு ஒரே ஒரு விஷயம், இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயர கழட்டாதீங்க, ரெக்டிஃபயர் (இன்ஜின் கரண்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துறது) எரிஞ்சுரும்.

தண்ணி. டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேற எதுவும் ஊத்தக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஊத்தறது குழாத்தண்ணி, இல்லன்னா 20 லிட்டர் கேன் தண்ணி. ஆர்ஓ தண்ணியிலயும் உப்பு இருக்கு சாமி, குடிக்கத்தான் அது. ஏசில இருந்து சொட்டுற தண்ணியும் வேண்டாம். தகடு மூழ்கி அதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர் நின்னா போதும், சார்ஜ் போட்டு முடிச்ச பிறகு ஊத்துங்க, முன்னாடியே கழுத்து வரைக்கும் ஊத்துனா சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வெளிய வரும். தகடு வெளிய தெரிஞ்சா மட்டும் அது மூடுற அளவுக்கு முதல்ல ஊத்திக்கலாம். ஆசிட் வாங்கி ஊத்துனா பேட்டரி பவராகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அத யாரு கிளப்பி விட்டாங்களோ தெரியல. ஆவியா போறது தண்ணிதான், ஆசிட் உள்ளயேதான் இருக்கு. ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி பாக்கறது) இருந்தா ஆறு செல்லையும் பாருங்க, ஃபுல் சார்ஜ்ல 1.240ல இருந்து 1.260க்குள்ள இருக்கணும், அஞ்சு செல்லு ஒரே மாதிரி இருந்து ஒன்னு மட்டும் 0.050 குறைஞ்சு நின்னா அந்த செல்லு போச்சு, அந்த பேட்டரில இனிமே காசு போடாதீங்க.

பேட்டரி இருக்கற இடத்த பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். அணியத்துல (வள்ளத்தோட முன்பக்கம்) பழைய தெர்மோகோல் ஐஸ் பெட்டிக்குள்ள பேட்டரிய வச்சு, தண்ணி படக்கூடாதுன்னு மூடிய டேப்பு போட்டு ஒட்டி, அதுக்குள்ளயே சோலார் வயரும் விட்டிருக்கறத பாத்திருக்கேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வரும், காத்துல நூத்துக்கு 4 பங்கு சேந்தாலே ஒரு சின்ன பொறி போதும், வெடிக்கும். பிளாஸ்டிக் பெட்டில வைங்க, மூடிக்கு பக்கத்துல மேல ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கட்டும், அந்த கேஸ் மேலதான் போகும். பெல்ட் போட்டு அசையாம கட்டுங்க, பெட்ரோல் டேங்க் பக்கம் வேண்டாம். பெட்டி தரையில இருந்து கொஞ்சம் உசரமா இருக்கணும், ஏன்னா கடத்தண்ணி பேட்டரிக்குள்ள போனா குளோரின் கேஸ் வரும், மூக்கு தொண்டையெல்லாம் எரியும், அப்படி வாடை வந்தா காத்து வர்ற பக்கமா தள்ளி வாங்க, குனிஞ்சு பாக்காதீங்க. கண்ணுல ஆசிட் பட்டா குடிக்க வச்சிருக்க தண்ணிய கால் மணி நேரம் விடாம ஊத்துங்க, தண்ணி தீந்துருமேனு யோசிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

வயரு விஷயத்துல மிச்சம் பிடிக்கறது நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். பேட்டரில இருந்து செட்டுக்கு 5 மீட்டர்னா போக வர 10 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் வயர்ல 6 ஆம்ப் போனா வழியிலயே 1 வோல்ட்டுக்கு மேல தின்னுரும், 2.5ல போட்டா அரை வோல்ட்டுக்குள்ள நிக்கும். நல்ல பேட்டரி வாங்கி வச்சும் செட்டு ஆஃப் ஆகுதுன்னு வந்தவங்களுக்கு நான் வயர மட்டும் மாத்திக் குடுத்து அனுப்பியிருக்கேன். வயர உரிச்சு பாருங்க, உள்ள செம்பு கறுத்துப் போயிருந்தா அந்த நீளம் பூரா வேஸ்ட்டு, வெள்ளீயம் பூசுன வயர் கிடைச்சா அது உப்புக்காத்துக்கு நிக்கும். ஃபியூஸ் பேட்டரிக்கு பக்கத்துலயே பிளஸ்ல இருக்கணும். டெர்மினல்ல பூத்திருந்தா சமையல் சோடாவ தண்ணில கரைச்சு கழுவுங்க, மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு ஊத்துங்க, உள்ள போயிறக்கூடாது. காஞ்ச பிறகு இறுக்கிட்டு மேல வாசலின் தடவுங்க. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில.

லித்தியம் பேட்டரி வாங்கலாமானு கேட்டா, காசு இருந்தா வாங்கலாம், வெயிட்டு கம்மி, முக்கால்வாசிக்கு மேல இறக்குனாலும் தாங்கும். ஆனா அதுக்கு தனி சார்ஜர், பழைய சார்ஜர் ஆகாது. நான் மேல சொன்ன வோல்ட்டு கணக்கும் அதுக்கு செல்லாது, கடைசி வரைக்கும் 13 காட்டிக்கிட்டே இருந்துட்டு அதுக்குள்ள இருக்க பிஎம்எஸ் (பேட்டரிய காக்குற சர்க்யூட்) ஒரே அடியா கட் பண்ணிரும். அத போட்டா ஏஎச் காட்டுற மீட்டரும் சேத்து போடுங்க. சாதா பேட்டரின்னா வண்டிக்கு போடுற பேட்டரி வேண்டாம், அது ஸ்டார்ட்டிங்குக்கு செஞ்சது, ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா இழுக்கறதுக்கு குழாய் மாதிரி தகடு வச்ச டியூப்லர்தான் சரி. வெயிட்டு கூடத்தான், என்ன பண்றது.

பழைய பேட்டரிய உடைச்சு ஈயத்த உருக்கி வலைக்கு குண்டு ஊத்திக்கலாமானு ஒரு சிலர் கேக்கறாங்க. வேண்டவே வேண்டாம். அந்த புகையும் தூசியும் வீட்டுல இருக்கற சின்னப் பிள்ளைங்க மூளைய பாதிக்கும், கொட்டுன ஆசிட் மண்ணுல நிக்கும். 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழசு முறையா மறுசுழற்சிக்கு போகணும், புதுசு வாங்குற கடையிலயே குடுத்தா விலையில கழிச்சுக்குவாங்க. வாங்கும்போது பேட்டரி மேல இருக்க தயாரிப்பு மாசத்த பாருங்க, ஆறு மாசம் கடையில கிடந்தத தலையில கட்டப் பாப்பாங்க. பில்லும் வாரண்டி கார்டும் வாங்கி, வள்ளத்துல வைக்காம வீட்டுல வைங்க, நனைஞ்ச பில்ல காட்டுனா எந்த கம்பெனியும் மாத்திக் குடுக்காது.

கடலோரக் காவல்படை நம்பர் 1554, கடலோரப் பாதுகாப்பு போலீஸ் 1093. செட்டு பக்கத்துலயே பெயின்ட்ல எழுதி வச்சிருங்க.