கேமிங் கம்ப்யூட்டருக்கு எத்தனை வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்? வேலூர் வெயிலையும் சேர்த்து ஒரு கணக்கு

கிராபிக்ஸ் கார்டுக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று எண்ணிக் கொடுப்பவர்கள்கூட கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்று வந்துவிட்டால் கேபினெட்டோடு வருவதே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அசெம்பிள் செய்த அன்று எல்லாம் நன்றாகத்தான் ஓடும். சித்திரை, வைகாசியில், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரை சட்டென்று இருண்டுவிடும்.

சுவர் பிளக்கிலிருந்து வருவது 230 வோல்ட் ஏசி. எஸ்எம்பிஎஸ் அதை முதலில் டிசியாக்கி, 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்தி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்புகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியே 12 வோல்ட்டாக இறக்குகிறது. இன்றைய ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் சாப்பிடுகின்றன. ஆகவே டப்பாவின் முகப்பில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் ‘+12 வி’ கட்டத்தைத் தேடுங்கள். அங்கே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மை வெளிவரும். ‘450 வாட்ஸ்’ என்று விற்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 18 ஆம்பியர் போட்டிருந்தால், 12 வோல்ட் பக்கம் கிடைப்பது வெறும் 216 வாட்ஸ். ஒழுங்கான 650 வாட்ஸில் அதே கட்டத்தில் 54 ஆம்பியர் இருக்கும், 648 வாட்ஸ். காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வாங்கினாலும் லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இனி உங்கள் தேவை. ரைசன் 5 7600 ப்ராசஸரின் பெட்டியில் 65 வாட்ஸ் என்றிருக்கும், முழு வேகத்தில் 88 வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு 220. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஓர் அறுபது. மொத்தம் 370 வாட்ஸ் அளவுக்கு வரும். அப்படியானால் 450 போதாதா என்று கேட்கலாம். அந்த 220 என்பது சராசரிதான். விநாடியின் மிகச் சிறு பகுதியில் கிராபிக்ஸ் கார்டு அதைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்குகூடத் துள்ளும். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் என்று எண்ணி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் மீண்டும் உயிர் வரும் என்றால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே எழுதப்பட்டது: புதிய 16 பின் கனெக்டர் உள்ள, 450 வாட்ஸுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும். மேலே சொன்ன கணக்குக்கு 650 வாட்ஸ் சரி. ஆயிரம் வாட்ஸ் வீண் செலவு. ஆனால் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்பது தவறான பயம். கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் மீட்டர் ஓடும்.

‘80 ப்ளஸ்’ பிரான்ஸ், கோல்டு முத்திரை சொல்வது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டும்தான். தரத்துக்கோ பாதுகாப்புக்கோ அது சான்று இல்லை. போதாததற்கு அந்தச் சோதனை 23 டிகிரி சூட்டில் நடக்கிறது. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத மாடி அறையில், கேபினெட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். எனவே எத்தனை டிகிரியில் முழு வாட்ஸ் தரும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள். 50 டிகிரி என்றிருந்தால் வாங்கலாம். 25 அல்லது 30 என்றிருந்தாலோ, ஒன்றுமே எழுதாமலிருந்தாலோ நம்ம ஊருக்கு ஆகாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 105 டிகிரி வகையா, 85 டிகிரி வகையா என்பதும் முக்கியம், ஏனென்றால் சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேபினெட்டின் அடியில் ஜாலியும் ஃபில்டரும் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும், ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டித் துடையுங்கள்.

அடுத்தது வீட்டு இன்வெர்ட்டர். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பெரிய கெப்பாசிட்டர்தான். முழுச் சுமையில் 12 மில்லி விநாடியும், 80 சதவீதச் சுமையில் 17 மில்லி விநாடியும் தாங்க வேண்டும் என்கிறது இன்றைய ஏடிஎக்ஸ் விதி. சுமை குறைந்தால் தாங்கும் நேரம் கூடும். 650 வாங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். இன்வெர்ட்டரின் பின்பக்கம் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருந்தால் மாறுவதற்குப் பத்து மில்லி விநாடி அளவே ஆகும். சாதாரண நிலையில் அதைப் போல் பல மடங்கு ஆகலாம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் நிலையில் ஒரு தொல்லை உண்டு: மாலையில் வோல்டேஜ் 180 அளவுக்கு இறங்கினாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும். தனி யுபிஎஸ் வாங்குவதானால் விஏ (வோல்ட்-ஆம்பியர்) வேறு, வாட்ஸ் வேறு என்பதை மறக்காதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்ஸ்தான்; நம் கணக்கில் மானிட்டரோடு சுவரிலிருந்து 450 வாட்ஸ் இழுக்கும்போது அது கத்திவிட்டு நின்றுவிடும். 1000 விஏ, 600 வாட்ஸ் வேண்டும், முடிந்தால் ப்யூர் சைன் வேவ், அதாவது சுவர் பிளக்கில் வருவதைப் போன்ற சீரான அலை தருவது.

லோ வோல்டேஜுக்காகத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை, லேபிளில் 100–240 வோல்ட் என்றிருந்தால். 200–240 என்று மட்டும் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கேபிள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. மாடுலர், அதாவது கேபிளைக் கழற்றி மாட்டும் வகை, எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறு மாடலின் கேபிளோடு மாற்றிச் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி அந்த நொடியே போய்விடும். கிராபிக்ஸ் கார்டில் இரண்டு 8 பின் கனெக்டர் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள், ஒரே கேபிளின் இரட்டைத் தலை வேண்டாம். 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாதபடி அழுத்திச் செருகி, முதல் 35 மில்லிமீட்டருக்குள் வளைக்காமல் விடுங்கள். அரைகுறையாகச் செருகிய இடம்தான் உருகுகிறது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கேபினெட்டைக் கட்டியிருப்பதால், எர்த் இல்லாத வீட்டில் அதன்மேல் 115 வோல்ட் அளவு நிற்கும். பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில், சத்துவாச்சாரி போன்ற மலையடி இடங்களில், எர்த் குழியின் ஈரமும் போய்விடும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சுமை ஓடும்போது பிளக்கில் அளந்து பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட்டும் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால், எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்து பார்த்து, அதற்கும் சரியாகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கம்பி இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.