1723 ஆணை: சீனத்து இசைக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது?

சிங் பேரரசர் யோங்ஜெங் அரியணை ஏறிய சில மாதங்களிலேயே ஓர் ஆணை போட்டார். ஷான்சி, ஷென்சி மாகாணங்களில் 'யுவேஹு' என்று பதிவாகியிருந்த இசைக் குடும்பங்களை அந்தப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அது. அதே ஆண்டு ஷாவோஷிங் ஊரில் இதேபோல் இழிந்தவர்களாகப் பதிவாகியிருந்த 'துவோமின்' மக்களுக்கும் இது பொருந்தியது.

பதிவு என்றால் என்ன? அன்றைய சட்டத்தில் மக்கள் இரண்டு வகை. உழவர், கைவினைஞர், வணிகர் எல்லாம் 'லியாங்', அதாவது நல்ல குடி. அடிமைகள், நடிகர்கள், கணிகையர் போன்றோர் 'ஜியென்', இழிந்த குடி. யுவேஹு வீட்டில் பிறந்தாலே இரண்டாவது வகைதான். கல்யாணம், சாவு, கோயில் திருவிழா, அதிகாரி வீட்டு விருந்து என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிக்க வேண்டும். பெண்கள் விருந்தினருக்கு மது ஊற்ற வேண்டும். அதிகாரி ஆவதற்கான அரசுத் தேர்வு எழுத முடியாது. இசைக் குடும்பத்துப் பெண்ணை ஓர் அதிகாரி மணந்தால் அவருக்கு 60 தடியடி, திருமணமும் செல்லாது.

இத்தனைக்கும் இவர்கள் செய்த குற்றம்? சிங்குக்கு முந்தைய மிங் வம்சத்தின் அரியணையை 1402இல் பறித்த யோங்லே பேரரசர், தன்னை ஏற்காத அதிகாரிகளின் மனைவி, மகள்களை இசைப் பதிவில் தள்ளினார். அவர்களின் வழிவந்தவர்களே இக்குடும்பங்கள் என்றுதான் நியென் ஷி என்ற அதிகாரி பேரரசரிடம் வாதாடினார்.

சரி, பலன் என்ன? பெயர் லியாங் பட்டியலுக்கு மாறும். வேறு தொழில் செய்யலாம். ஆனால் சிக்கலும் அங்கேதான். பதிவில் இருந்த பெண் உடலை விற்றுப் பிழைத்தபோது சட்டம் பொறுத்துக்கொண்டது. நல்ல குடி ஆனபின் அதே பிழைப்பு அவளுக்குக் குற்றம். அவள் வேறு எதைச் செய்து சாப்பிடுவாள் என்பதற்கு ஆணையில் வழி இல்லை.

தேர்வு எழுதும் உரிமையோ இன்னும் தூரம். 1771இல் வந்த விதி கணக்கைச் சொன்னது: தொழிலை விட்டதாக அதிகாரியிடம் அறிவித்தவர் முதல் தலைமுறை, நாலாவது தலைமுறைதான் தேர்வெழுதலாம். 1723இலேயே அறிவித்திருந்தாலும், தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் கொள்ளுப்பேரன் தேர்வுக்கூடம் போக ஏறக்குறைய 1800 ஆகிவிடும். அப்புறம் ஒரு கொக்கி வேறு: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அக்கா என யாராவது பழைய தொழிலில் இருந்தால் அந்தப் பையனுக்கு அனுமதி இல்லை. என்னைக் கேட்டால், முழு விதியிலும் கொடுமையானது இந்த ஒரு வரிதான். வீட்டில் ஒருவன் மேலே ஏற, மற்றவர்கள் எல்லாரும் பிழைப்பை விட்டாக வேண்டும்.

நாடக நடிகர்களுக்கு இதுவும் இல்லை. நீங்கியது பிறப்பின் பதிவுதான். நடிப்புத் தொழில் இழிவாகவே நீடித்தது. அரண்மனையில் ஆடிப் பரிசு வாங்கியவரின் மகனுக்கும், 1905இல் தேர்வுமுறையே ஒழிக்கப்படும்வரை, தேர்வுக்கூடக் கதவு சாத்தியே இருந்தது.