கார் நின்றாலும் உடம்பு நிற்பதில்லை

எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் கார் ஓட்டுபவர்களுக்கு அந்த வரிசை பழக்கமானது. துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரமாக நிற்கும். சிலவற்றில் பின்விளக்கு எரியாது.

அதில் ஒரு கார் மோதினால், மோதல் ஒன்றல்ல, மூன்று. முதலில் கார் இடிக்கிறது. கார் நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடம்பு பழைய வேகத்திலேயே போய் ஸ்டியரிங்கிலோ முன்சீட்டிலோ இடிக்கிறது. உடம்பும் நின்ற பிறகு மூளை மண்டையோட்டில் இடிக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழியக்கூடும். வெளியே பெரிய காயம் இல்லாதவரும் இப்படி இறந்துபோகலாம்.

50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 14 மீட்டர். மூன்றாவது மாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். அதை எவ்வளவு தூரத்தில் கரைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பானெட் நசுங்கி, பெல்ட் இழுத்துப் பிடித்து 60 செ.மீ. கிடைத்தால், உடல் எடையைப் போல 16 மடங்கு விசை. டேஷ்போர்டில் இடித்து 5 செ.மீ.யில் நின்றால் 200 மடங்கு. அந்த விசையைத் தோளும் மார்புக்கூடும் இடுப்பெலும்பும் பகிர்ந்து தாங்கட்டும் என்றுதான் 1959-இல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார்.

டிரெய்லர் இந்தக் கணக்கையே கெடுத்துவிடுகிறது. அதன் தட்டு பானெட்டைவிட உயரம். பானெட் அடியில் நுழைந்துவிடும். நசுங்க வேண்டிய பாகம் நசுங்காது. தட்டின் விளிம்பு நேரே தலைக்கு வரும். இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது. அது துருப்பிடித்து வளைந்து தொங்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பின்சீட்டில் உட்கார்ந்தால் பயமில்லை என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் முன்னால் பாய்ந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரையும் நசுக்கிவிடுவார். திருவொற்றியூர் கோயிலுக்குப் போகும்போது மடியில் வைத்திருக்கும் 10 கிலோ குழந்தை, அதே 16 மடங்கில் 160 கிலோவாக இழுக்கும். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும்.

பல கார்களில் பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கவரைக் கொஞ்சம் தூக்கினால் கைக்கு வந்துவிடும்.