“கொஞ்சம் ஹீட் ஆகும், அவ்வளவுதான்” என்று விற்கப்படும் கார்கள்

பழைய காரை வாங்கிய பிறகு எங்கள் வொர்க்ஷாப்புக்கு ஓட்டிவருகிறவர்களிடம், வாங்குவதற்கு முன்பே ஒருமுறை காட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சென்ற வாரம் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். “கொஞ்சம் ஹீட் ஆகும் சார், ரேடியேட்டர் ஹோஸ் மாற்றினால் சரியாகிவிடும்” என்று சொல்லி, புரோக்கர் விலையில் 20,000 ரூபாய் குறைத்திருக்கிறார். குடும்பத்தோடு ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தபோது, என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்படி தனியாக ஒயர் இழுத்திருந்தார்கள். என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டும் போயிருந்தது. அவருக்குக் குறைத்துக் கொடுத்த தொகை லேத் வேலைக்கும் உதிரிபாகங்களுக்குமே போதவில்லை.

குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுத்தால் அது லாபம் என்ற எண்ணத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. தயவுசெய்து விற்பவரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் ஹோஸை மாற்றி வண்டியை முழு விலைக்கு விற்க முடியும் என்றால், எவராவது 20,000 ரூபாயை விட்டுக்கொடுப்பாரா? விலையைக் குறைத்தே அவர் விற்கிறார் என்றால், ஹோஸை மாற்றியும் சரியாகவில்லை என்பதோ, சரியாகாது என்று அவருடைய மெக்கானிக் சொல்லிவிட்டார் என்பதோதான் பெரும்பாலும் உண்மை. அதோடு, என்ஜின் சூடாவது நோயின் அறிகுறி மட்டுமே; அதற்கான செலவை ஹெட்டைக் கழற்றி, அதன் பரப்பில் நேர்கோலை வைத்து மெல்லிய தகடுகளாலான ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்த பிறகே சொல்ல முடியும். பல சிறிய கார்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தாலே ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். கழற்றாத என்ஜினுக்கு யார் சொல்லும் தொகையும் ஊகம்தான், நான் சொன்னாலும் சரி.

“ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தானே ஓடியது” என்பது வாங்கியவர்கள் சொல்லும் அடுத்த சமாதானம். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஃபேனை நேரடியாக ஓடவிட்டால், குறையுள்ள என்ஜினும் பத்து நிமிட ஓட்டத்தில் குளிர்ச்சியாகவே இருக்கும். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடப்பதைப் பார்த்து மகிழ்கிறார்கள். சரியான என்ஜின் சற்று நேரத்தில் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்து அங்கேயே நிற்க வேண்டும். (வால்வைக் கழற்றி எறிவதை ஒரு வைத்தியமாகவே செய்துவரும் எங்கள் தொழில்காரர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. என்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாகக் கருதி, வண்டியில் உள்ள கணினி கூடுதல் பெட்ரோலை விடுவதால் மைலேஜும் போய்விடுகிறது.)

ஆகவே, இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், வேறு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடான மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே துரு நிறமோ எண்ணெய்ப் படலமோ இருக்கக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்புறத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று கவனியுங்கள். எரியாத விளக்கு, துண்டிக்கப்பட்ட விளக்காக இருக்கலாம். பிறகு ஏசியைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டி, நெரிசலில் நிற்பதுபோல் நிறுத்தி வைத்து, ஏசியை அணைத்துவிட்டு, ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள். எந்நேரமும் ஓடும் ஃபேனுக்குக் காரணம் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி பிடித்திருந்தால், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும், ரேடியேட்டர் தண்ணீரில் (கூலண்ட்) என்ஜினுக்குள் எரிந்த புகை கலக்கிறதா என்ற சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பின்னதற்கு ஒரு நீலத் திரவம் போதும். பெட்ரோல் வண்டியில் புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறிவிடும். விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் மட்டும் போகாதீர்கள்.

பிரேக் பேட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் போன்ற குறைகள் உள்ள வண்டியை விலை பேசி வாங்குவதில் தவறில்லை; கண்ணால் பார்த்து, செலவைக் கணக்கிட்டுவிடலாம். சூடாகும் வண்டியை, விற்பவர் தம் செலவில் சரிசெய்து சில நாள் ஓட்டிக் காட்டினால் வாங்குங்கள். அல்லது ஹெட் வேலை முழுவதையும் கழித்துக்கொண்ட விலைக்கு வாங்குங்கள். இரண்டுக்கும் அவர் ஒப்பவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டு ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய பிறகு வந்தால், என்னால் பில் மட்டுமே எழுத முடிகிறது.