விட்ட இடத்திலிருந்து உடம்பு தொடராது

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பெங்களூரின் சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன், ஹலசூர் தெருக்களில் காவிச் சட்டையும் காவிச் சேலையும் கண்ணில் படத் தொடங்கும். வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறவர்கள். பெங்களூரிலிருந்தே நேராக நடந்து போகும் குழுக்கள் உண்டு. இப்போது இன்னொரு வகையினரும் என் கிளினிக்குக்கு வருகிறார்கள். சென்னை பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பி, கிழக்குக் கடற்கரையை ஒட்டியே 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் பாதையைக் கட்டம் கட்டமாக நடந்து முடிப்பவர்கள். ஒரு நீண்ட வார இறுதியில் மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரை நடப்பார்கள். பஸ் பிடித்து ஊர் திரும்புவார்கள். அடுத்த லீவில் அதே மரக்காணத்தில் இறங்கி புதுச்சேரி, கடலூர். அப்புறம் சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. கடைசியில் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் கடந்து மாதா சந்நிதி.

ஐடி வேலை, கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடுகிறவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. அவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். வேண்டுதலை நிறைவேற்ற நினைக்கும் யாரையும் நான் தடுத்ததில்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது கட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "போன தடவையே நல்லா நடந்துட்டோம் டாக்டர், உடம்பு பழகியிருக்கும்."

பழகியிருக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆகஸ்டில் இங்கே பகல் வெயில் சுமார் 28 டிகிரிதான். அதே வாரத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 35 டிகிரி சாதாரணம். அதோடு கடற்கரையின் புழுக்கமும் சேரும். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும். வழிந்து கீழே சொட்டினால் பயனில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் இடத்தில் அது காயாது. விடியற்காலை நாலு மணிக்கு நடந்தால் வெயில் இருக்காது என்பது சரிதான். ஆனால் புழுக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம். கடலூர்ப் பக்கம் காலை ஆறு மணிக்கே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்வதை நடந்தவர்கள் அறிவார்கள்.

இந்தச் சூட்டுக்கு உடம்பு பழகவே செய்யும். தினமும் வெப்பத்தில் உழைத்தால் பத்து முதல் பதினான்கு நாளில் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும். புதிதாக வந்தவரின் காவிச் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிவதும், அந்த ஊரிலேயே வேலை செய்பவரின் சட்டையில் அவ்வளவு படியாததும் இதனால்தான். இப்படிச் சேர்த்த பழக்கம் குளிர்ந்த ஊருக்குத் திரும்பியதும் கரையத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். மூன்று நாள் நடையில் முழுப் பழக்கமே வருவதில்லை. வந்த கொஞ்சமும் அடுத்த கட்டத்துக்குள் போய்விடுகிறது. நடக்கும் பாதைதான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. உடம்புக்கு ஒவ்வொரு கட்டமும் முதல் கட்டம்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்தாறு நாள் கழிந்ததும் உடம்பு கொஞ்சம் ஒத்துழைக்கத் தொடங்கும். கட்டம் கட்டமாக நடப்பவர்களுக்கு அந்த ஐந்தாவது நாள் வருவதே இல்லை. மிகக் கடினமான முதல் இரண்டு மூன்று நாள்களையே அவர்கள் திரும்பத் திரும்ப நடக்கிறார்கள்.

இதோடு தூக்கமும் கெடுகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவு பஸ் ஏறி, சனிக்கிழமை விடியும்போது புதுச்சேரியில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு நேரே நடக்கத் தொடங்குகிறார்கள். ஞாயிறு இரவுக்குள் திரும்ப வேண்டும் என்பதால் முதல் நாளே 35, 40 கிலோமீட்டர் என்று திட்டம். தூக்கமில்லாத உடம்பு சூட்டைத் தாங்கும் திறன் குறைவானது. இறங்கிய அன்று காலை தூங்குங்கள், மாலை நாலரைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடங்கள். மறுநாள் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் நாளுக்கு உங்களால் முடியும் தூரத்தில் பாதி போதும். குழுத்தலைவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டால் என்னிடம் வருகிற கூட்டம் பாதியாகிவிடும்.

இன்னொன்று காலம். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. அந்த நாளில் அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டங்களாக நடப்பவருக்கு ஒரே ஒரு கட்டம்தான் திருவிழாவோடு சேர வேண்டும். மற்றவற்றை ஜனவரியிலும் பிப்ரவரி முதல் பாதியிலும் முடித்துவிடலாம். மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மரக்காணம் உப்பளப் பகுதியைப் போல நிழலே இல்லாத நீட்டங்களை அப்போது கடந்துவிட்டு, நாகூரிலிருந்து வேளாங்கண்ணி வரையிலான சிறு தூரத்தைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதா ஏற்றுக்கொள்வாள்.

பயிற்சிக்குக் கப்பன் பார்க்கில் காலை ஆறு மணிக்கு நடப்பது காலுக்கு நல்லது, சூட்டுக்கு உதவாது. இதய நோய், ரத்தக் கொதிப்பு இல்லாதவர்கள் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் மதியம் இரண்டு மணிக்கு, ஒரு முழுக்கைச் சட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க நடக்கட்டும். கடற்கரைக்கு இது முழு ஈடாகாது. ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் போவதைவிடப் பல மடங்கு மேல்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பெண்கள் குடிப்பதே இல்லை. வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயம். காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு நடந்து, சிறுநீர்த் தொற்றோடும் காய்ச்சலோடும் திரும்பி வந்தவர்கள் பலர். குழுவில் முன்னால் போகும் குட்டி யானை வண்டிக்காரருக்கு இந்த வேலையைக் கொடுங்கள்: அடுத்த பெட்ரோல் பங்க், அடுத்த ஆலயம் எங்கே, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். சமையல் சாமானுக்கும் மைக் செட்டுக்கும் திட்டம் போடுகிற குழு இதற்கும் போட வேண்டும்.

மறுபக்கம், பயந்துபோய் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்கள். வியர்வையில் போன உப்பு திரும்பாமல் தண்ணீர் மட்டும் ஏறினால் ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, அப்புறம் குழப்பம். இதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு சேர்த்துக் குடியுங்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் கொடுக்கும் நீர்மோர் இதற்கு அருமையானது. உப்பு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். வேளாங்கண்ணியின் பழங்கதையிலேயே நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் வருகிறான். மாதா கேட்டது மோர்தான். ஓஆர்எஸ் வாங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் உலகச் சுகாதார நிறுவன அளவுப் பொடிப் பாக்கெட்டாக வாங்குங்கள். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவக் கூடாது. சர்க்கரைப் பானங்கள் தங்கள் பெயரோடு ஓஆர்எஸ் என்ற சொல்லை ஒட்டிக்கொள்வதை 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடை செய்ததற்குக் காரணம் உண்டு.

மாத்திரைகளைப் பற்றிக் கேட்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சேர்ந்திருந்தால், வியர்வையோடு அதுவும் சேர்ந்து உடம்பை வற்ற வைக்கும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் விரதமிருந்து நடந்தால், சர்க்கரை அளவு பார்க்கச் சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடையிலேயே சர்க்கரை தாழும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். பக்கத்தில் நடப்பவர் சொல்லக் கூடாது.

இதைவிட எனக்குக் கோபம் வரும் விஷயம் வலி மாத்திரை. மாலையில் தங்கும் இடத்தில் யாராவது ஒருவர் டைக்ளோஃபினாக் அட்டையைப் பிரித்து எல்லாருக்கும் பிரசாதம் போலக் கொடுக்கிறார். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நல்ல சிறுநீரகமே திணறும், ஏற்கெனவே சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவருக்குச் சொல்லவே வேண்டாம். வலித்தால் பாராசிட்டமால். அதற்கும் அடங்காத வலி என்றால் அன்றைய நடை முடிந்தது.

சரி, கால்.

ஹலசூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பல வருடச் சர்க்கரை. வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் பருத்த பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் முழுதாகக் கழன்று, ஓரத்தில் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. நடுவில் சிவப்பு. அதில் மணல் துகள்கள். "வலியே இல்லை டாக்டர், மாதா வலி தெரியாம பாத்துக்கிட்டா" என்றார். வேட்டியில் ரத்தம் பார்த்த மனைவி சொல்லித்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டேன். ஓரிடத்திலும் தெரிகிறது என்று சொல்லவில்லை. நரம்பு எப்போதோ மரத்துவிட்டது.

மதிய வெயிலில் தார்ச்சாலை 60 டிகிரிக்கு மேல் போகும். உணர்வுள்ள கால் தானாகவே மண்ணுக்குத் தாவிவிடும். மரத்த கால் அங்கேயே நடந்துகொண்டிருக்கும். சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் கிளம்புவதற்கு முன் இந்த நைலான் இழைச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இரண்டு நிமிடம் ஆகாது. உணர்வு குறைவு என்று தெரிந்தால் வெறுங்கால் வேண்டுதலைப் பங்குத் தந்தையிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். நான் அனுப்பியவர்கள் யாரையும் எந்தச் சாமியாரும் கடிந்துகொண்டதில்லை. வேறொரு நேர்ச்சை சொல்லிக்கொடுத்து ஆசீர்வதித்துத்தான் அனுப்பினார்கள்.

மற்றவர்களுக்குக் கொப்புளம்தான் தொல்லை. ஈரமும் உரசலும் சேர்ந்தால் கொப்புளம். கிளம்பும் முன், வழக்கமாகச் சிவக்கும் இடங்களில் மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஒட்டுங்கள். நடுவழியில் ஒரு முறை காலைக் கழுவித் துடைத்துக் காயவைத்து சாக்ஸ் மாற்றுங்கள். கடலில் காலை நனைத்துவிட்டு மணலோடு ஷூவுக்குள் விட்டால் அடுத்த அஞ்சு கிலோமீட்டரில் தெரிந்துவிடும். ஷூ புதிதாக இருக்கக் கூடாது. நடக்க நடக்கப் பாதம் வீங்குவதால் அரை சைஸ் பெரிதாக இருக்க வேண்டும். காவி உடையும் புதிதாக வேண்டாம். கஞ்சி விறைப்போடு இருக்கும் புதுத் துணி, உப்பு வியர்வையில் தொடையையும் அக்குளையும் அறுத்துவிடும். நாலைந்து முறை துவைத்து உடுத்துங்கள்.

வண்டிகளை எதிர்கொண்டபடி சாலையின் வலப்பக்கம் நடப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வலது கால் நாள் முழுக்கத் தாழ்வாகவே ஊன்றும். ஒரே பக்க முழங்காலும் இடுப்பும் வலிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சமமான மண் ஓரம் கிடைக்கும்போதெல்லாம் அதில் இறங்கி நடங்கள். இருட்டில் குழுவின் முன்னாலும் பின்னாலும் ஒளி திருப்பும் பட்டையும் விளக்கும் வேண்டும். பாட்டுச் சத்தத்தில் ஹாரன் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெப்பத் தாக்கு வந்தவருக்கு வியர்வை நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் ஆள் வியர்த்துக்கொண்டே இருக்கலாம். பேச்சைத்தான் கவனிக்க வேண்டும். நன்றாக ஜெபமாலை சொல்லி வந்தவர் திடீரென்று தடுமாறுகிறார், எரிந்து விழுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நடை கோணுகிறது என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிர்வியுங்கள்: நிழலில் படுக்க வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். கடற்கரைப் புழுக்கத்தில் ஈரத்துணி போர்த்துவது மட்டும் போதாது, தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு மூன்று விஷயங்களுக்கு உடனே மருத்துவரிடம் வாருங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். இரவு பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். சர்க்கரை உள்ளவர் காலில் எந்தப் புண்ணானாலும், கடுகளவு என்றாலும், அன்றே காட்டுங்கள். இந்த மூன்றும் இல்லாதவர்களும் பழைய கொப்புளத்தின் இடத்தில் புதுத் தோல் நன்றாக இறுகும்வரை அடுத்த கட்டத்துக்கு பஸ் டிக்கெட் போட வேண்டாம்.